200 ஹெச்பியில இருந்து 350: எந்த பார்ட் முதல்ல, எவ்வளவு பணம் ஒதுக்கறது?

கேள்வி: அண்ணா, என்கிட்ட இருக்கறது 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், 6 ஸ்பீடு மேனுவல். கம்பெனி கணக்குல 200 ஹெச்பி, 300 நியூட்டன் மீட்டர் டார்க். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, 95,000 கிமீ ஓடியிருக்கு. தினமும் ஆபீஸ் போறது இதுலதான், வீட்ல வேற கார் இல்ல. ஹைவேல ஓவர்டேக் பண்றப்ப இன்னும் கொஞ்சம் இழுத்தா நல்லாருக்கும்னு தோணுது, 350 ஹெச்பி எடுக்கணும்னு ஆசை. பெரிய டர்போ, டவுன்பைப், கோன் ஃபில்டர், ப்ளோ ஆஃப் வால்வு, கடைசியா ரீமேப்னு லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன். கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன், மீதிய மாசாமாசம் போட்டுக்கலாம். தெரிஞ்சவர் ஒருத்தர் யூஸ்டு டர்போ ஒண்ண பாதி விலைக்கு தரேங்கறாரு. எதை முதல்ல வாங்கறது, பட்ஜெட்டை எப்படி பிரிக்கறது?

பதில்:

தம்பி, அந்த டர்போவுக்கு இப்ப அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஏன்னு விவரமா சொல்றேன், முழுசா படிச்சிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

உங்க லிஸ்ட்ல என்னென்ன வாங்கணும்னு இருக்கு, எங்க நிறுத்தணும்னு இல்ல. என்கிட்ட டியூனிங்குக்கு வர்ற கார்கள்ல பாதி வேலையில நின்னு போனது எல்லாமே இப்படி ஆரம்பிச்சதுதான், ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒரு பார்ட்டு, எது ஆஃபர்ல கிடைச்சுதோ அது, கடைசியில பாத்தா வாங்கின டர்போவுக்கு பெட்ரோல் பத்தாது, வாங்கின க்ளட்ச் அந்த டார்க்கை தாங்காது, கையில காசும் இருக்காது.

டர்போ கார்ல பவர் ஏத்தற செலவு சீரா ஏறாது. ஒரு அளவு வரைக்கும் கம்மி செலவுல நல்லா ஏறும், அதுக்கு மேல போனா ஒரே தாவா தாவும். அது தாவற இடம் எதுன்னா, கம்பெனி டர்போவ கழட்டி வேற டர்போ மாட்டற இடம். அதுக்கு இந்தப் பக்கம் நிக்கறதா, அந்தப் பக்கம் போறதான்னு முதல் பார்ட்டு வாங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும். ரெண்டுக்கும் வாங்கற சாமான் வேற, இசியூங்கற இன்ஜின் கம்ப்யூட்டர்ல எழுதற மேப் வேற (அதை மாத்தி எழுதறதுதான் ரீமேப்), பணம் சேக்கற விதமும் வேற.

இந்தப் பக்கம்னா, உங்க கம்பெனி டர்போவுலயே ரீமேப் பண்ணா 2.0 டர்போ பெட்ரோல் இன்ஜின்கள்ல வழக்கமா 20ல இருந்து 30 சதவீதம் வரைக்கும் கூடும். உங்க 200, 240லருந்து 260 ஆகும். டர்போ சூடாக்கின காத்தை ஆத்தற நல்ல இன்டர்கூலரும், அடைப்பு கம்மியான எக்ஸாஸ்ட்டும் சேந்தா அதுக்கு மேலயும் கொஞ்சம் கிடைக்கும், எவ்வளவுங்கறது உங்க டர்போ சைஸைப் பொறுத்தது. இதுக்கு மேல கம்பெனி டர்போவ முறுக்கினா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டு காட்டறேன், இத புரிஞ்சுக்கிட்டா பாதி பட்ஜெட் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

வெளிய 30 டிகிரின்னு வச்சுக்கங்க. பூஸ்ட், அதாவது வெளிக்காத்து அழுத்தத்துக்கு மேல டர்போ ஏத்தற அழுத்தம், 1 பார்னா டர்போ காத்தை ரெண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குது. டர்போ நல்லா வேலை செய்யற இடத்துல, 70 சதவீதம் எஃபிஷியன்சின்னு எடுத்தா, வெளிய வர்ற காத்து கிட்டத்தட்ட 125 டிகிரி. அதே சின்ன டர்போவ 1.4 பாருக்கு தள்ளறீங்க, அது தன்னோட வசதியான இடத்தை தாண்டிடுது, எஃபிஷியன்சி 60க்கு இறங்கிடுதுன்னா அதே காத்து 170 டிகிரிய தாண்டிடும். பூஸ்ட் மீட்டர்ல நம்பர் ஏறியிருக்கும், ஆனா சூடான காத்துல அடர்த்தி கம்மி, சூட்டுல கலவை தாறுமாறா தானா வெடிக்கற நாக்கிங் வரும், இசியூ உடனே ப்ளக் பொறி குடுக்கற நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை, பின்னாடி இழுக்கும். அதாவது ஏத்தின பூஸ்ட்டோட பலன்ல பெரும்பகுதி டைமிங்லயே போயிடும், டர்போ மட்டும் கூடுதல் வேகத்துல சுத்தி தேஞ்சுக்கிட்டு இருக்கும். அதனாலதான் கம்பெனி டர்போவுல ஒரு அளவோட நிறுத்தச் சொல்றது, அதனாலதான் இன்டர்கூலருக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் குடுக்கறது. உங்க லிஸ்ட்ல அது இல்லவே இல்ல பாருங்க.

இப்ப அந்தப் பக்கம் போவோம், 350 ஹெச்பி. நாங்க கையால போடற கணக்கு என்னன்னா ஒரு நிமிஷத்துக்கு 1 பவுண்டு, அதாவது 450 கிராம் காத்து உள்ள போனா சுமாரா 10 ஹெச்பி. 350க்கு 35 பவுண்டு, நிமிஷத்துக்கு 16 கிலோ கிட்ட காத்து. உங்க 2 லிட்டர் இன்ஜின் 6500 ஆர்பிஎம்ல அவ்வளவு காத்தை விழுங்கணும்னா இன்டேக் மேனிஃபோல்டுல (சிலிண்டருக்கு காத்தை பிரிச்சு குடுக்கற குழாய்ல) 1.3 பார் பூஸ்ட் கிட்ட வேணும், அதுவும் காத்து நல்லா ஆறி 45 டிகிரியில உள்ள வந்தா. அந்த காத்துக்கு ஏத்த பெட்ரோலும் வேணுமில்ல, ஃபுல் த்ராட்டில்ல 12 கிலோ காத்துக்கு 1 கிலோ பெட்ரோல்னு கலவை வச்சா நிமிஷத்துக்கு 1.3 கிலோ, ஒண்ணே முக்கால் லிட்டர் தாண்டும்.

இங்கதான் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார்ல பணம் கரையும். பழைய போர்ட் இன்ஜெக்‌ஷன்ல இன்ஜெக்டர் நினைச்சா சைக்கிள் முழுக்க தெளிச்சிக்கிட்டே இருக்கலாம், 6000 ஆர்பிஎம்ல அது 20 மில்லி செகண்ட். டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போகுது, காத்து உள்ள வர்ற நேரத்தை ஒட்டித்தான் தெளிச்சு முடிக்கணும், கிடைக்கறது அதுல கால்வாசி சொச்சம்தான். அந்த நேரத்துக்குள்ள அவ்வளவு பெட்ரோல் போகணும்னா ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்கற குழாயோட அழுத்தம்) விழாம நிக்கணும், அதுக்கு கேம்ஷாஃப்ட்ல ஓடற ஹை பிரஷர் பம்ப் ஈடு குடுக்கணும், அதுக்கு டேங்க்ல இருக்கற லோ பிரஷர் பம்ப் ஈடு குடுக்கணும். இதுல எது முதல்ல கையை விரிக்கும்னு காருக்கு கார் மாறும், ஆனா 200 ஹெச்பிக்காக டிசைன் பண்ண சிஸ்டம் 350க்கு அப்படியே தாங்கும்னு நம்பி பட்ஜெட் போடக் கூடாது.

அப்புறம் ஆயில் லைன், கூலண்ட் லைன், மேனிஃபோல்டு கேஸ்கெட், ஸ்டட்டு, ஒரு தடவை கழட்டினா திருப்பி போடக் கூடாத போல்ட்டு, புது ஆயில், புது கூலண்ட், ஹீட் ஷீல்டு, ஹோஸ், க்ளாம்ப்பு, லேபர், டைனோ (காரை உருளை மேல ஓட்டி பவர் அளக்கற மெஷின்) நேரம். தனித்தனியா பாத்தா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும், கூட்டிப் பாத்தா அசந்துருவீங்க. பெரிய டர்போ ப்ராஜெக்ட்ல டர்போவோட விலை மொத்த பில்லுல பாதி கூட வராதுன்னு வச்சுக்கிட்டு கணக்கு போடுங்க. பாதி விலை டர்போ உங்களுக்கு மிச்சப்படுத்தறது, முழு செலவுல ரொம்ப சின்ன பங்குதான்.

இப்ப டார்க். எல்லாரும் ஹெச்பியை பத்தியே பேசறாங்க, இன்ஜினை உடைக்கறது பெரும்பாலும் கீழ் ஆர்பிஎம்ல வர்ற டார்க். 350 ஹெச்பிய 6000 ஆர்பிஎம்ல எடுத்தா அங்க டார்க் 415 நியூட்டன் மீட்டர்தான் வரும், அது ஒண்ணும் பயங்கரமான நம்பர் இல்ல. ஆனா ஓட்டறவருக்கு சீட்ல அமுக்கற ஃபீல் வரணும்னு 2800 ஆர்பிஎம்லயே 480 நியூட்டன் மீட்டர் குடுக்கற மாதிரி ஒரு மேப் போட்டா, அந்த இடத்துல பவர் 190 ஹெச்பி கூட தொடாது, ஆனா கனெக்டிங் ராடு (பிஸ்டனை க்ராங்க்கோட சேக்கற தண்டு) மேலயும் பிஸ்டன் மேலயும் விழற அழுத்தம் அந்த 415ஐ விட ரொம்ப ஜாஸ்தி. ராடு வளையறது இந்த இடத்துலதான். இது போக, சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள்ல கீழ் ஆர்பிஎம்ல ஃபுல்லா மிதிச்சா ப்ளக் தீப்பொறி குடுக்கறதுக்கு முன்னாடியே கலவை தானா பத்திக்கற பிரச்னை ஒண்ணு இருக்கு, லோ ஸ்பீடு ப்ரீ இக்னிஷன்னு சொல்வாங்க, ஒரு பிஸ்டனை உடைக்க அது ஒரு தடவை பலமா நடந்தா போதும். இதுக்காகவே ஏபிஐங்கற அமெரிக்க பெட்ரோலிய அமைப்போட ஆயில் தரத்துல 2018ல ஏபிஐ எஸ்என் ப்ளஸ் வந்துச்சு, 2020ல ஏபிஐ எஸ்பி வந்துச்சு. உங்க கார் மேனுவல் சொல்ற கிரேடுலயே ஏபிஐ எஸ்பி இருக்கற ஆயிலா பாத்து போடுங்க, ஐந்தாவது ஆறாவது கியர்ல 1500 ஆர்பிஎம்ல வச்சு ஃபுல்லா மிதிக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்ருங்க, மேப் எதுவா இருந்தாலும் சரி.

ஆக டியூனர்கிட்ட பேசறப்ப "எத்தனை ஹெச்பி வரும்"னு மட்டும் கேக்காதீங்க. "3000க்கு கீழ டார்க்கை எவ்வளவுல நிறுத்துவீங்க"ன்னு கேளுங்க. யோசிச்சு, இந்த இன்ஜின் ராடு இவ்வளவு தாங்கும், க்ளட்ச் இவ்வளவு தாங்கும், அதனால இங்க கட் பண்ணி மேல விடுவேன்னு சொல்றவர் நம்பலாம். அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்னு சிரிக்கறவர்கிட்ட பணம் குடுக்காதீங்க.

இப்ப உங்க காரைப் பத்தி. 95,000 கிமீ, செகண்ட் ஓனர், முன்னாடி இருந்தவர் எப்படி ஓட்டினார்னு தெரியாது. அதனால பவர் பார்ட்டு ஒண்ணு கூட வாங்கறதுக்கு முன்னாடி இன்ஜின் நல்லா இருக்கான்னு பாக்கணும், பட்ஜெட்ல முதல் பங்கு அதுக்குத்தான். கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்குதுன்னு பாக்கறது) எடுங்க, நாலு சிலிண்டருக்கும் நடுவுல 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அங்கயே நிறுத்திட்டு காரணம் கண்டுபிடிங்க. லீக் டவுன் டெஸ்ட்டும் சேத்து எடுத்தா காத்து வால்வு வழியா போகுதா ரிங்கு வழியா போகுதான்னு தெரிஞ்சிடும். இன்டேக் பைப்புல புகை விட்டு பூஸ்ட் லீக் பாருங்க, பழைய டர்போ கார்ல ஒரு ஹோஸாவது கசியறத நான் அடிக்கடி பாக்கறேன், கசிஞ்சா டர்போ அதே பூஸ்ட்டுக்கு கூடுதலா சுத்தணும், நீங்க பவர் பத்தலைன்னு நினைக்கறதுக்கு அதுவே காரணமா கூட இருக்கலாம். டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் இன்டேக் வால்வு மேல படறதே இல்ல, அதனால 95,000ல வால்வுக்குப் பின்னாடி கார்பன் தடிப்பா ஏறியிருக்க வாய்ப்பு அதிகம், அதை கழட்டி சுத்தம் பண்ணணும். ப்ளக், காயில், டைமிங் செயின் சத்தம், இன்ஜின் மவுண்ட், க்ளட்ச் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எல்லாம் பாத்துருங்க. இதெல்லாம் சரி பண்ணதுக்கப்புறம் டைனோல ஏத்தி ஒரு ரன் எடுங்க.

அந்த ரன் ரொம்ப முக்கியம், பணத்தை மிச்சம் பிடிக்கறேன்னு அதை விட்றாதீங்க. கம்பெனி சொல்ற 200 க்ராங்க்ல அளந்தது, சக்கரத்துல அளந்தா கியர்பாக்ஸ், டயர்ல போறது போக கம்மியாத்தான் காட்டும், அதை பாத்து பயப்பட வேணாம். முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒரே டைனோல, ஒரே மாதிரி வெயில்ல, ஒரே கியர்ல எடுத்தா கிடைக்கற வித்தியாசத்தை மட்டும் நம்புங்க. வேற வேற டைனோ நம்பரை ஒப்பிடவே கூடாது.

அதே ரன்ல லாக், அதாவது சென்சார் நம்பரெல்லாம் பதிவாகற ஃபைல், எடுக்கச் சொல்லுங்க. லாக்ல என்ன பாக்கணும்னு சொல்றேன், ஏன்னா உங்க பட்ஜெட்டை எங்க செலவழிக்கணும்னு இந்த ஃபைல்தான் காட்டும். 2500லருந்து 6500 வரைக்கும் ஒரே இழுப்பு, முதல் வரிசை, இசியூ கேட்ட பூஸ்ட், நிஜமா வந்த பூஸ்ட். கேட்டது 1 பார், வந்தது 0.85ன்னு மேல் ஆர்பிஎம்ல பிரிஞ்சா ஒண்ணு லீக் இருக்கு, இல்ல வேஸ்ட்கேட் (டர்போவ சுத்த விடாம எக்ஸாஸ்ட்டை வெளிய விடற கதவு) சரியா மூடலை, இல்ல டர்போ மூச்சு முட்டுது. ரெண்டாவது, கேட்ட ரெயில் பிரஷர், வந்த ரெயில் பிரஷர். இப்ப 200 ஹெச்பியிலயே கடைசி 500 ஆர்பிஎம்ல அது லேசா சரியுதுன்னா, நீங்க ஃப்யூல் பம்ப்புக்கு பணம் வைக்காம மேல போகவே முடியாது. மூணாவது, சிலிண்டர் வாரியா எவ்வளவு டைமிங்கை இழுத்திருக்கு. நாலுலயும் சமமா கொஞ்சம்னா பெட்ரோலோ சூடோ காரணம், மூணாவது சிலிண்டர்ல மட்டும் நாலு டிகிரி, மத்ததுல ஒண்ணுமே இல்லன்னா அந்த சிலிண்டர்ல ஏதோ இருக்கு, ப்ளக்கோ இன்ஜெக்டரோ கார்பனோ. நாலாவது, இன்டேக் டெம்பரேச்சர். முதல் ரன்ல 40, நிறுத்தாம எடுத்த மூணாவது ரன்ல 65ன்னு ஏறி, ரன்னுக்கு நடுவுல இறங்கவே மாட்டேங்குதுன்னா உங்க இன்டர்கூலர் இந்த பவருக்கே திணறுது, முதல் பணம் அங்க போகட்டும். இந்த நாலு கோட்டையும் பக்கத்துல உக்காந்து விளக்கி சொல்ற டியூனர் கிடைச்சா அவரை விட்றாதீங்க.

என் தீர்ப்பை சொல்லிடறேன். உங்ககிட்ட ஒரே கார், அதுலதான் ஆபீஸ், உங்க குறை ஹைவேல ஓவர்டேக். இதுக்கு 350 வேணாம் தம்பி. கம்பெனி டர்போவ வச்சுக்கிட்டு 250, 260க்கு ப்ளான் பண்ணுங்க. பெரிய டர்போல நீங்க தினமும் ஓட்டற 2000, 3000 ஆர்பிஎம்ல இப்ப இருக்கறதை விட கம்மியாத்தான் இழுக்கும், அது முழிச்சுக்க நேரம் எடுக்கும், நீங்க கேட்டதுக்கு நேர் எதிரா வரும். ரீமேப்ல கிடைக்கறது அந்த நடு ஆர்பிஎம்லயே கிடைக்கும், ஓவர்டேக் பண்றப்ப கியர் குறைக்காமலே தெரியும்.

அதுக்கு பணத்தை எப்படி பிரிக்கறதுன்னா, மொத்தத்தை 100னு வச்சுக்கங்க. 30 மேல சொன்ன இன்ஜின் செக்கப்புக்கும் சர்வீஸுக்கும். 15 இன்டர்கூலர். 15 ரீமேப், அதுல முன்னாடி பின்னாடி டைனோ, லாக், புது ப்ளக் எல்லாம் சேத்து. 20 டயருக்கும் பிரேக்குக்கும். மீதி 20 தொடாம வைக்கணும், அது எதுக்குன்னா பெரும்பாலும் க்ளட்ச்சுக்கு, ஏன்னா 95,000 ஓடின க்ளட்ச் 300 நியூட்டன் மீட்டருக்கு பழகினது, 380 வந்ததும் நாலாவது கியர்ல ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாம வழுக்க ஆரம்பிக்கலாம். கியர்பாக்ஸ் இறக்கற லேபர் ஒரு தடவைதான் குடுக்கணும்னா க்ளட்ச், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ரியர் ஆயில் சீல் எல்லாம் ஒரே நேரத்துல மாத்திடுங்க, ஃப்ளைவீலையும் பாத்துருங்க. செக்கப்புல எல்லாம் நல்லா இருந்து 30ல மிச்சம் ஆச்சுன்னா அதையும் இந்த 20ல சேருங்க, புதுசா ஒரு பார்ட்டு பாக்க ஆரம்பிக்காதீங்க.

ப்ளக் சின்ன விஷயம்தான், ஆனா அதை விடறவங்க நிறைய. பூஸ்ட் ஏறினா சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறி, காத்து விளக்கை அணைக்கற மாதிரி பொறியை அணைச்சிடும், மேல் ஆர்பிஎம்ல கார் திக்கும். ஒரு ஹீட் ரேஞ்ச் கூலா, அதாவது சூட்டை சீக்கிரம் கடத்தற ப்ளக் போட்டு, பொறி பாயற கேப்பை கொஞ்சம் குறைக்கணும், எவ்வளவுன்னு டியூனர் சொல்லுவார்.

பிரேக் பங்கை யாருமே வைக்க மாட்டாங்க, அதனாலதான் 20னு அழுத்தி சொல்றேன். 100 கிமீ வேகத்துல நிறுத்தறதை விட 140ல நிறுத்தறப்ப பிரேக் முழுங்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பெரிய காலிப்பர் எல்லாம் வேணாம், நல்ல பேடு, தேயாத டிஸ்க்கு, புது பிரேக் ஆயில் போதும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் இழுத்துட்டா அதே ஆயிலுக்கு தர அளவு 155 டிகிரிதான், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தறது காரோட பவர் எவ்வளவா இருந்தாலும் செய்யணும். டயர் பழசா இருந்தா ரீமேப்புக்கு முன்னாடி அதை மாத்துங்க, ஃப்ரண்ட் வீல் ட்ரைவ்னா இன்னும் அவசியம்.

உங்க லிஸ்ட்ல மீதி இருக்கறது. கோன் ஃபில்டர், இன்ஜின் பேக்குள்ள தொறந்து மாட்டினா சூடான காத்தை இழுக்கும், சத்தம் நல்லா இருக்கும், பவர் சொல்லிக்கற மாதிரி இருக்காது, கம்பெனி பாக்ஸ்ல புது ஃபில்டர் போதும். ப்ளோ ஆஃப் வால்வு, ஆக்சிலரேட்டரை விடறப்ப மிச்ச பூஸ்ட்டை விடறது, உள்ள போற காத்தை அளக்கற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கற கார்ல அந்த காத்தை வெளிய விட்டா, இசியூ ஏற்கனவே எண்ணி வச்ச காத்து காணாம போயி கலவை ஒரு நொடி ரிச்சாகும், கியர் மாத்தறப்ப குலுங்கும். கம்பெனி வால்வோட டயஃப்ரம் கிழிஞ்சிருந்தா புதுசு போடுங்க, அவ்வளவுதான். டவுன்பைப், டர்போவுக்கு அடுத்து வர்ற எக்ஸாஸ்ட் பைப், அதுல புகையோட மாசை குறைக்கற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்கு, அதை எடுத்துட்டு வெறும் பைப் போடறது பல நாட்டுல சட்டப்படி தப்பு, மாசு பரிசோதனையில மாட்டும், நாத்தமும் அடிக்கும். போட்டே ஆகணும்னா ஹை ஃப்ளோ கன்வர்ட்டர் இருக்கறது போடுங்க, 250க்கு அது அவசரமில்ல.

பெட்ரோல் விஷயத்துல ஒரு வார்த்தை. எப்பவும் எந்த பெட்ரோல் பங்க்லயும் உங்களுக்கு கிடைக்கற ஆக்டேனுக்கு (பெட்ரோல் நாக்கிங்கை தாங்கற அளவு) மேப் போடச் சொல்லுங்க, எப்பவாவது கிடைக்கற உசத்தி பெட்ரோலுக்கு இல்ல. 1962ல வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோட வந்த முதல் கார்கள்ல ஒண்ணு, நாக்கிங் வராம இருக்க தண்ணியும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை தனி டேங்க்ல ஊத்தணும். ஓனர்கள் பல பேருக்கு அதை ஊத்தறதே நினைவில்ல, தீந்தா பூஸ்ட் குறைஞ்சிடும், ஒரே புகார், கம்பெனியே டர்போவ எடுத்துட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டித் தர்ற அளவுக்கு போச்சு. தினமும் ஓட்டற காருக்கு தனியா ஏதாவது பாத்துக்கிட்டே இருக்கணும்னா அது நீடிக்காது. ஈ85 மாதிரி எத்தனால் பெட்ரோல் மேல ஆசை இருந்தாலும் இதையேதான் சொல்வேன், நாக்கிங்குக்கு அது அருமைதான், ஆனா அளவு மூணுல ஒரு பங்குக்கு மேல கூடுதலா தெளிக்கணும், மேல சொன்ன பம்ப், இன்ஜெக்டர் கதை இன்னும் சீக்கிரமா வந்து நிக்கும்.

இவ்வளவுக்கு அப்புறமும் 350தான் வேணும்னா, அது ஆசை, அதை தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு வழி வேற. மாசாமாசம் பார்ட்டு வாங்காதீங்க, மாசாமாசம் பணம் மட்டும் போடுங்க. ஷெல்ஃப்ல தூங்கற பார்ட்டுக்கு வாரண்டி ஓடிக்கிட்டே இருக்கும், நடுவுல உங்க ப்ளான் மாறும், மாட்டினதுக்கு அப்புறம்தான் அது சரியில்லன்னு தெரியும், திருப்பி குடுக்கவும் முடியாது. முழு தொகையும் கையில வந்ததும் டியூனரை முதல்ல முடிவு பண்ணுங்க, அவர் இதே இன்ஜின்ல ஏற்கனவே ஓட்டிப் பாத்த டர்போ, இன்ஜெக்டர், பம்ப், க்ளட்ச் கூட்டணி எதுன்னு கேட்டு அதையே மொத்தமா வாங்குங்க. உங்க இன்ஜினோட ராடு எவ்வளவு டார்க் வரைக்கும் தாங்குதுன்னு அவருக்கு தெரியும், அதுக்கு மேலன்னா ராடு, பிஸ்டன் செலவும் சேரும், அப்ப அது வேற ஒரு பட்ஜெட்டே ஆயிடும். கார் எப்படியும் நிறைய நாள் வொர்க்‌ஷாப்ல நிக்கும், சொன்ன தேதியில வராது, அதனால ஆபீஸ் போக இன்னொரு வண்டி இருக்கணும், அந்த செலவும் இந்த பட்ஜெட்லதான் வரும். முடிஞ்சதும் கையில காரோட செலவுல அஞ்சுல ஒரு பங்காவது மிச்சம் இல்லன்னா ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. 250க்கு போட்ட ரீமேப் இங்க உதவாது, இன்ஜின் சர்வீஸ், பிரேக், பெரிய இன்டர்கூலர் மூணும் உதவும், அதனால இப்ப இந்தப் பக்கம் நின்னாலும் அந்த பணம் வீணாகாது.

அந்த பாதி விலை டர்போ. ஷாஃப்ட்டை விரல்ல பிடிச்சு மேலயும் கீழயும் லேசா ஆடினா கவலையில்ல, முன்னாடி பின்னாடி இழுத்தா ஆடுதுன்னா த்ரஸ்ட் பேரிங் போயிடுச்சு. கம்ப்ரெஸர் வீல் இதழ் நுனியில கடிச்ச மாதிரி இருந்தா உள்ள ஏதோ போயிருக்கு, டர்பைன் ஹவுசிங்ல வேஸ்ட்கேட் ஓட்டை பக்கம் விரிசல் இருந்தா அது வளரும். இதெல்லாம் நல்லாவே இருந்தாலும், அது நிமிஷத்துக்கு எத்தனை பவுண்டு காத்து தர்ற டர்போ, உங்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஃப்ளாஞ்சுக்கு (டர்போ மாட்டற இடத்துக்கு) பொருந்துமான்னு ரெண்டும் தெரியாம வாங்கினா, உங்க காரோட டார்கெட்டை நீங்க முடிவு பண்ணல, அடுத்தவர் விக்க வச்சிருந்த டர்போ முடிவு பண்ணுதுன்னு அர்த்தம். நிமிஷத்துக்கு 60 பவுண்டு காத்து தர்ற டர்போவ 2 லிட்டர் இன்ஜின்ல மாட்டி 4500 ஆர்பிஎம் வரைக்கும் எதுவும் நடக்காம ஓட்டிக்கிட்டு இருக்கறவங்க நிறைய பேர்.

இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட ரீமேப், இன்டர்கூலர் எல்லாத்தையும் எழுத்துல சொல்லிடுங்க, ப்ரீமியம் கொஞ்சம் ஏறலாம், சொல்லாம விட்டா ஆக்சிடென்ட் க்ளெய்ம்ல அதையே காரணமா காட்டி மறுக்கலாம். வாரண்டி ஏதாவது மிச்சம் இருந்தா அது என்ன ஆகும்னும் முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

இந்த மாசம் கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் புகை டெஸ்ட்டும் மட்டும் பண்ணுங்க, அடுத்த மாசம் டைனோ ரன். நாலு சிலிண்டர் நம்பரும் லாக் ஃபைலும் வந்ததும் எனக்கு அனுப்புங்க, கூடவே இன்டர்கூலர் எங்க மாட்டியிருக்கு, டயர் சைஸ் என்னன்னும் எழுதுங்க, 30 எங்க போகணும், 15 எங்க போகணும்னு உங்க காரோட டெஸ்ட் நம்பர்களை வச்சே பிரிச்சு சொல்றேன்.